கொடைக்கானல் சாவடிக்கு ஆவி உணரியா, மோப்ப நாயா?

வத்தலகுண்டிலிருந்து ஏறிவரும் மலைப்பாதையில், வெள்ளி நீர்வீழ்ச்சியை ஒட்டியுள்ள சோதனைச்சாவடியில் போதைப்பொருளைக் கண்டறிய ஏதேனும் ஏற்பாடு வேண்டும் என்று எங்கள் ஊரில் சில மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. விடுதி நடத்துவோர், வாடகை வண்டி ஓட்டுநர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் எனப் பலரும் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுவதென்று முடிவாயிற்று. "விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிற மெஷின் ஒன்றை இங்கும் வைக்கச் சொல்வோம்" என்று ஒருவர் சொல்ல, கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், எதைக் கேட்பது பொருத்தம் என்று ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. இந்தக் கட்டுரை அதன் விரிவு.

விமான நிலையத்தையும் மலைச் சாவடியையும் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு, மண்ணில்லாமல் ஊட்டநீரில் வளர்க்கும் உயர்ரகக் கஞ்சா பாங்காக்கிலிருந்து பயணிகளின் பெட்டிகளில் வந்து இந்திய விமான நிலையங்களில் பிடிபடுவது வழக்கமான செய்தியாகிவிட்டது. மதுரையிலோ கோவையிலோ தப்பிய ஒரு பெட்டி அன்று மாலையே எங்கள் மலைக்கு ஏறிவிட முடியும். எனவே ஒரே பெட்டியை இரண்டு இடங்களில் தேடுகிறோம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு இடங்களின் காற்றும் ஒன்றல்ல. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெட்டிக்குள் இருக்கும் பொருள் வெளியே தன்னைக் காட்டிக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. அதன் வடிவமும் அடர்த்தியும் எக்ஸ்ரேயில் தெரியலாம். கட்டியவரின் விரல்களில் ஒட்டிய நுண்துகள் பெட்டியின் கைப்பிடியிலும் ஜிப்பிலும் படிந்திருக்கலாம். அல்லது அதிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் துணியின் இடுக்குகள் வழியே காற்றில் கலந்து வெளிவரலாம். முதல் வழிக்கு எக்ஸ்ரே இயந்திரம், இரண்டாவதற்குத் துடைப்புச் சோதனை, மூன்றாவதற்கு ஆவி உணரியும் நாயும் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

எக்ஸ்ரேயை விரைவாகக் கடந்துவிடலாம். இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே, கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும் உலோகத்தை நீலத்திலும் காட்டுகிறது. கஞ்சா ஆரஞ்சு நிறத்தில் தெரியும். வீட்டில் செய்த சாக்லெட்டும், பஞ்சாமிர்த டப்பாவும், மடித்த கம்பளியும் அதே நிறத்தில்தான் தெரியும். பெட்டியின் அடித்தட்டு வழக்கத்தைவிடத் தடிமனாக இருப்பதைப் பயிற்சி பெற்ற கண் கண்டுபிடிக்கும் என்பதால் விமான நிலையத்தில் இது மிகவும் பயனுள்ளது. ஆனால் அதற்கு ஓடும் பட்டையும், தடையற்ற மின்சாரமும், வரிசையில் வந்து நிற்கும் பயணிகளும் வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருக்கும் மலைப்பாதையில், காரின் பின்பக்கத்தில் அடுக்கிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பட்டையில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை.

ஆவி உணரி என்று நாம் சொல்வதில் விலையும் தரமும் வெகுவாக வேறுபடும் பல கருவிகள் அடங்கும் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எளியவை, சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடு போன்ற குறைக்கடத்தியின் மீது வாயு படும்போது அதன் மின்தடை மாறுவதை அளக்கின்றன. இவற்றுக்குச் சாராய ஆவியும் வாசனைத் திரவியமும் ஏறக்குறைய ஒன்றே. அடுத்த படியில் இருப்பது அயன் மொபிலிட்டி கருவி. விமான நிலையங்களில் பெரும்பாலும் காண்பது இதைத்தான். உள்ளே இழுத்த காற்றில் உள்ள மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் அளித்து, ஒரு சிறு குழாயில் மின்புலத்தின் உந்துதலில் ஓடவிட்டு, மறுமுனையை அடைய எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதைக் கொண்டு அது இன்ன பொருள் என்று முடிவு செய்கிறது. வெடிமருந்துகளை எதிர்மின் அயனிகளாகவும், போதைப்பொருள்களைப் பெரும்பாலும் நேர்மின் அயனிகளாகவும் அது தேடுகிறது. ஆகவே, வெடிகுண்டு தேடும் ஒரு கருவி நின்றுகொண்டிருக்கிறது என்பதாலேயே அது கஞ்சாவையும் தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. புறப்படும் பயணியின் பெட்டியில் பாதுகாப்புப் படையினர் தேடுவது விமானத்துக்கு ஆபத்தானதை. வந்து இறங்கும் பெட்டியில் கடத்தல் பொருளைத் தேடுவது சுங்கத் துறையின் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலே, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறைநிறமாலைக் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு முறையில், காற்றை ஒரு நீண்ட குழாயில் ஓரிரு வினாடிகள் மெல்ல ஓடவிடுகிறார்கள். மில்லிவினாடிகளில் முடிந்துவிடும் அயனி வினைக்கு அத்தனை நேரம் கிடைப்பதால், மிக அரிதாக இருக்கும் மூலக்கூறும் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. ஆவி உணர்வுத் துறையில் நான் உண்மையிலேயே வியந்து படித்தது இதைத்தான். ஒரு காலம் வரும்போது இது பெட்டிகள் ஓடும் பட்டைக்கு மேலே பொருத்தப்படும் என்றே நம்புகிறேன். இப்போதைக்கு அது நாம் கேட்டுப் பெறக்கூடிய கருவி அல்ல.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே சுவர் நிற்கிறது: தேடும் பொருள் போதிய அளவுக்கு ஆவியாவதில்லை. 25 டிகிரி செல்சியஸில், மூடிய கலத்தில், இனி ஆவியாக முடியாது என்னும் அளவுக்கு நிறைந்த நிலையிலும், ஏறத்தாழ 400 கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் கோகெய்ன் மூலக்கூறு. ஹெராயினுக்கு இது லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதுவும் மூடிய கலத்தின் கணக்கு. பிளாஸ்டிக் உறையைத் தாண்டி, துணிகளைத் தாண்டி, பெட்டியின் ஜிப் வழியே கசிந்து வருவது இதில் ஒரு சிறு பகுதியே. அதனால்தான் பெட்டியை ஓர் அறைக்குள் வைத்து, நசுக்கி, அதன் உள்காற்றை வெளியே தள்ளி, ஒரு வலையில் சேர்த்துச் செறிவாக்கி, பிறகு அந்த வலையைத் திடீரெனச் சூடாக்கிக் கருவிக்குள் அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்கிறார்கள்.

குளிர் இதை இன்னும் கடினமாக்குகிறது. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் கோகெய்னின் ஆவியழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். மார்கழி மாதக் காலையில் எங்கள் சாவடியில் 10 டிகிரி இருந்தாலே வெயில் அடிக்கிறது என்போம்.

கூட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதால், வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். ஒரு கட்டிச் சூடத்தைச் சாதாரண பாலித்தீன் உறையில் மூன்று சுற்றாகச் சுற்றி, வேட்டிகளுக்கு நடுவே வைத்து, பழைய சூட்கேஸைப் பூட்டி, சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரை ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் பூட்டைத் திறப்பதற்கு முன்பே ஜிப்பின் ஓரத்தில் மூக்கை வைத்தால் கோயில் வாசனை வந்தது. அதே சூட்கேஸை நன்றாகக் காற்றாட விட்டு, புதுச் சூடமும் புது உறையுமாக, வடக்குப் பக்கத்துத் திண்ணை அறையில், கண்ணாடியில் பனி படியும் இடத்தில் வைத்தேன். காலையில் வெளியே ஒன்றுமில்லை. திறந்த பிறகுதான் வேட்டியில் இலேசாகத் தெரிந்தது. மூன்றாம் முறை, பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளிப் பூச்சுத் தாளில் சுற்றி மெழுகால் ஒட்டினேன். அடுப்பங்கரையில் இரண்டு நாள் வைத்தும் வேட்டியில் வாசனை ஏறவில்லை. சூடம் தாராளமாக ஆவியாகும் பொருள். அதற்கே இந்தக் கதி என்றால், அலுமினியப் படலம் ஒட்டிய உறையில் காற்றை உறிஞ்சி அடைத்த பொருளின் நிலை என்ன என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று மோந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரரே கூட்டத்தில் சொன்னார்.

அப்படியானால் நாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாய் தேடுவது கோகெய்னையே அல்ல, அது சிதைந்து வெளிவிடும் மெத்தில் பென்சோயேட் என்ற எளிதில் ஆவியாகும் பொருளைத்தான் என்பதைப் பல ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹெராயினில் புளித்த காடி வாசனைக்குக் காரணமான அசிட்டிக் அமிலமும், எம்டிஎம்ஏ என்ற போதை மாத்திரையில் பைப்பரோனாலும் அப்படியே. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி அரிதாகவே ஆவியாகிறது. மூக்கை எட்டுவது மிர்சீன், லிமோனீன், கேரியோஃபிலீன் போன்ற டெர்பீன்கள். மிர்சீனின் ஆவியழுத்தம் கோகெய்னுடையதைப் போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. ஆகவே எளிதில் சிக்கும் போதைப்பொருள் எது என்றால் கஞ்சாதான். இங்கே நாம் கவலைப்படுவதிலும் பெரும்பங்கு அதுவே.

இந்தத் துணைவாசனைகளைத் தேடும்படி கருவிக்கும் கற்பிக்கலாமே என்று கேட்கலாம். கற்பிக்கிறார்கள். ஆனால் பழனி மலையில் அந்த வாசனைகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இங்கிருந்து இறங்கும் பைகளில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் தைலப் புட்டி இருக்கும். அந்தத் தைலத்திலும் லிமோனீன் உண்டு, பைனீன் உண்டு. ஏறிவரும் பைகளில், குறிப்பாகப் பழனி முருகனைத் தரிசித்துவிட்டு மேலே வருகிற குடும்பங்களின் பைகளில், வலித்தைலம் இல்லாமல் இருக்காது. அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டுக்கும் கோகெய்ன் வெளிவிடும் மெத்தில் பென்சோயேட்டுக்கும் இடையே ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதிதான் வித்தியாசம். எல்லாவற்றுக்கும் மேலாக மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பூண்டின் காரமும், கஞ்சாவின் கவிச்சியும் கந்தகச் சேர்மங்களால் வருபவை. கஞ்சாவின் அந்தக் கடும் வாடைக்குக் காரணமான தயால் சேர்மங்களை 2021இல் அடையாளம் கண்ட வேதியியலாளர்களே, பூண்டில் உள்ளவற்றோடு அவற்றுக்கு உள்ள உறவைக் குறிப்பிட்டார்கள். மன்னவனூரிலிருந்து வரும் பேருந்தின் மேற்கூரையில் நான்கு மூட்டைப் பூண்டு இருந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் துணிகூடப் பூண்டு மணக்கும். நல்ல கருவி இவற்றைப் பிரித்தறியும். ஆனால் ஒரு பொருளின் மெல்லிய தடயத்தை இன்னொன்றின் பெருவெள்ளத்துக்கு நடுவே தேடும்போது, மூலக்கூறுகள் மின்னூட்டத்துக்குப் போட்டியிட்டு, அளவில் மிகுந்தது அளவில் குறைந்ததை மறைத்துவிடும். அயன் மொபிலிட்டி கருவிகளில் இது நன்கு அறிந்த குறை.

பனிமூட்டமும் உயரமும் சேர்ந்து இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. அயனிகளோடு நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் அவற்றின் ஓட்டம் மாறும் என்பதால், இக்கருவிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் துகள்கள் நிரப்பிய குப்பி இருக்கிறது. மேகம் சாலையிலேயே தவழும் ஊரில் அந்தக் குப்பியை மாற்றும் செலவு சமவெளியைவிடக் கூடும். அதோடு, சாவடியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் அயனிகள் வேகமாக ஓடி, அதே விகிதத்தில் முன்னதாகவே மறுமுனையை அடைகின்றன. கருவியின் உள்ளே அழுத்தமானி இருந்து இதைத் திருத்திக்கொள்ளும். இருந்தாலும், காலையில் வத்தலகுண்டிலும் மாலையில் மேலேயும் என ஒரே கருவியைப் பகிர்ந்து பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் தெரிந்த மாதிரிப் பொருளைக் கொண்டு சரிபார்த்த பிறகே அதை நம்ப முடியும். சில மாதிரிகளில் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகடு இருப்பதால், அவற்றை வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் பொருந்தும்.

இதே கருவியைத் துடைப்புச் சோதனைக்குப் பயன்படுத்தும்போது நிலைமை பெரிதும் மாறுகிறது. ஆவி வரும் வரை காத்திருக்காமல், ஒரு துணிப்பட்டையால் கைப்பிடியையும் ஜிப்பையும் துடைத்து, அதை இருநூறு டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், ஒட்டியிருக்கும் துகள் அங்கேயே ஆவியாகிவிடும். குளிரின் தடை இதனால் பெருமளவு நீங்குகிறது. பத்து வினாடி அளவில் விடை கிடைக்கும். கோகெய்ன், ஹெராயின், மெத்தாம்பெட்டமின் போன்று ஆவியாக மறுக்கும் பொருள்களுக்கு, இருக்கும் வழிகளில் இதுவே நம்பகமானது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் துகள் யாருடையது என்று துடைப்பு சொல்லாது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெருநகரங்களில் சேகரித்த டாலர் தாள்களில் 90 சதவீதம் வரை கோகெய்ன் தடயம் இருந்தது; அந்தத் தாள்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா? எங்கள் வாடகை வண்டி ஓட்டுநர் ஒரு பருவத்தில் எத்தனை பேருடைய பெட்டிகளைத் தூக்கி வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். முந்தைய சவாரியின் துகள் அவருடைய கையில், கைப்பிடியில், அடுத்த குடும்பத்தின் பெட்டியில் என்று பயணம் செய்யும். சிவப்பு விளக்கு எரிந்தவுடன் முதலில் சந்தேகப்பார்வை விழுவது அவர்மீதுதான். மனுவில் எதைக் கேட்டாலும், துடைப்பின் முடிவை மட்டும் வைத்து யாரையும் நிலையத்துக்குக் கூட்டிச் செல்லக் கூடாது, பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கான காரணமாக மட்டுமே அது இருக்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்தே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்தியது இதனால்தான். சட்டமும் பிடிபட்ட பொருளைத்தான் கேட்கிறது, விளக்கின் நிறத்தை அல்ல. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. கோகெய்னுக்கு அவை 2 கிராமும் 100 கிராமும். பிடித்ததை எடைபோட்டு, குற்றவியல் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி வரும் அறிக்கையே வழக்கில் நிற்கும்.

இனி நாய்.

காவல் துறையில் மோப்ப நாய்களைப் பல ஆண்டுகள் கையாண்டு ஓய்வுபெற்று, இப்போது பெருமாள்மலைப் பக்கம் காய்கறி பயிரிடும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். பூண்டு வாடையில் நாய் ஏமாறாதா என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சார், அவனுக்கு மொத நாள் பூண்டு ஒரு புதுசு. மோந்து மோந்து பாப்பான். நாலு தடவ பந்து தராம விட்டுட்டா, அஞ்சாவது தடவ பூண்டு அவனுக்கு வெறும் சொவரு. சொவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு மட்டுந்தான் பாப்பான்." பொருளைக் கண்டதும் குரைக்காமல், பிறாண்டாமல், அதன் முன்னால் உட்கார்ந்து கையாளுநரின் முகத்தைப் பார்க்கும்படி இந்த நாய்களைப் பழக்குகிறார்கள். அப்போது கிடைக்கும் பந்துதான் அதற்குச் சம்பளம். வாசனைக் கலவையிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுக்கும் இந்தத் திறனை இன்றைய எந்தக் கருவியும் எட்டவில்லை.

எங்கள் மலையின் காற்று கருவிக்கு எதிராக இருக்கும் இடங்களில் நாய்க்கு ஆதரவாக இருக்கிறது. வெயிலில் நாய் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினால் மோப்பம் பிடிப்பது குறைந்துவிடும். குளிரில் அது வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் மோந்துகொண்டே இருக்கும். ஈரக்காற்றில் கோகெய்னிலிருந்து மெத்தில் பென்சோயேட் கூடுதலாக உருவாகிறது. நாயின் மூக்கும் ஈரத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது. பேருந்தின் அடிப்பெட்டியில் அடுக்கிய முப்பது பெட்டிகளையும் இறக்காமலே அது சில நிமிடங்களில் கடந்துவிடும். வாசனை எங்கிருந்து கசிகிறதோ அந்த இடம் வரை தானே போய் நிற்கும். இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கருவிக்கும், இங்கே இருக்கிறது என்று காட்டும் நாய்க்கும் சாவடியில் மிகப்பெரிய வேறுபாடு உண்டு.

நாயின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரைமணி நேரத் தேடலுக்குப் பிறகு அதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே ஒரு நாய் போதாது. கையாளுநர் மாற்றலாகிப் போனால் பாதிப் பயிற்சி அவரோடு போய்விடும். இவற்றைவிடக் கவலைக்குரியது, நாய் மனிதரைப் படிப்பதில் மூக்கைப் போலவே கூர்மையானது என்பது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், போதைப்பொருளே இல்லாத ஒரு கட்டடத்தில் 18 நாய்-கையாளுநர் இணைகளைத் தேடவிட்டார்கள். சில இடங்களில் பொருள் இருப்பதாகக் கையாளுநர்களிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான தேடல்களில் நாய் கண்டுபிடித்ததாகக் கையாளுநர்கள் அறிவித்தார்கள். தலைமுடி நீண்ட இளைஞனையோ, பழைய ஜீப்பில் வரும் ஆதிவாசிக் குடும்பத்தையோ பார்த்ததும் கையாளுநரின் கயிறு சற்று இறுகினால், நாய் அந்த இறுக்கத்துக்கே உட்கார்ந்துவிடக்கூடும்.

இதற்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் மெக்கெம் நிறுவனம் கண்ணிவெடி தேடுவதற்காக வளர்த்தெடுத்த முறையில், வாகனத்தின் உள்காற்றை ஒரு வடிகட்டியில் உறிஞ்சிச் சேர்த்து, அந்த வடிகட்டியைத் தனியிடத்தில் இருக்கும் நாயிடம் கொண்டுபோகிறார்கள். வரிசையாக வைத்த பத்து வடிகட்டிகளில் எது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று நாய்க்கும் தெரியாது, கையாளுநருக்கும் தெரியாது. காற்றை உறிஞ்சும் சிறு பம்பு மின்கலத்தில் ஓடும். ஆவி உணரித் தொழில்நுட்பத்தில் இருக்கும் நல்ல பாதியான காற்றுச் சேகரிப்பை எடுத்துக்கொண்டு, நம் ஊருக்குப் பொருந்தாத பாதியான உணரிக்குப் பதிலாக நாயின் மூக்கை வைப்பது என்று இதைச் சொல்லலாம். நாயைக் கண்டு அஞ்சும் குழந்தைகளும், நாய் தங்கள் பையைத் தொடுவதை விரும்பாதவர்களும் உள்ள வண்டிகளுக்கும் இது ஏற்றது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுவே.

எத்தனை வண்டிகள் என்ற கேள்வி எல்லா வழிகளுக்கும் பொது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வரம்பு வகுத்தது. 6,000 வாகனங்கள் நாள் முழுதும் சீராக வந்தாலும், ஒரு வாகனத்துக்கு 15 வினாடிகூடக் கிடைக்காது. உண்மையில் அவை காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மொய்க்கின்றன. ஒரு கருவி நூற்றுக்கு இரண்டு முறை மட்டுமே தவறாக ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6,000 வண்டிகளில் அது 120 குற்றமற்ற குடும்பங்களை ஓரங்கட்டி நிற்கவைக்கும். உண்மையில் அன்று பொருள் கொண்டுவந்தவர்கள் ஐந்து பேர் என்றால், அந்த ஐவரையும் தவறாமல் பிடித்தாலும், விளக்கு எரியும்போதெல்லாம் இருபத்தைந்தில் இருபத்துநான்கு முறை அது பொய்யாகவே இருக்கும். ஒரே வாரத்தில் காவலர்கள் அந்த ஒலியைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கப் பழகிவிடுவார்கள். ஆகவே எல்லா வண்டிகளையும் சோதிப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, பத்தாவது வண்டி, ஐம்பதாவது வண்டி என்று எண்ணி நிறுத்துவதும், தகவல் கிடைத்த வண்டிகளை நிறுத்துவதும்தான் முறை. எண்ணி நிறுத்தினால் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்ற மனக்குறையும் எழாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, எந்த வழியும் தொடாத இரண்டு பொருள்களைச் சொல்லாமல் விட்டால் நான் கூட்டத்தை ஏமாற்றியவனாவேன். ஒன்று எல்எஸ்டி. அஞ்சல் தலையளவு தாளில் ஊறியிருக்கும் அது ஆவியாவதில்லை. பத்தில் ஒரு கிராமே வணிக அளவு. மற்றொன்று, எங்கள் ஊருக்கே கெட்ட பெயர் தேடித்தந்த போதைக் காளான். அதில் உள்ள சைலோசைபின் ஆவியாகாத உப்புத்தன்மை கொண்டது. காளானுக்கு வாசனை உண்டு, ஆனால் அது சந்தைக் காளானுக்கும் புல்வெளிக் காளானுக்கும் பொதுவான ஆக்டினால் வாசனை; நாயை அதற்குப் பழக்கினால், இங்கே பண்ணைகளில் வளரும் மொட்டுக் காளான் கூடைகள் ஒவ்வொன்றின் முன்னும் அது உட்காரும். தவிர, அந்தக் காளான் சாவடியைக் கடந்து மேலே வருவதில்லை. மேலேயே, மழைக்குப் பின் சாணம் கிடக்கும் புல்வெளிகளில் முளைக்கிறது. அதற்குச் சாவடியில் எதை வைத்தும் பயனில்லை; விற்பவர்களைத் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க வேண்டும், கேட்கிற பயணிகளிடம் விடுதிக்காரர்கள் கண்டிப்பாக மறுக்க வேண்டும்.

ஆகவே மனுவில் நான் எழுதிக் கொடுத்தது இது. சாவடிக்கு ஆவி உணரி இயந்திரம் வேண்டாம். அந்த வகைக் கருவியின் இடம், குளிரூட்டி ஈரத்தைக் கட்டுப்படுத்திய வருகைக் கூடமும், பெட்டிகள் ஒவ்வொன்றாக நகரும் பட்டையும் உள்ள விமான நிலையம்; மதுரையில் அதை வைத்தால் எங்களுக்கும் அது பயன்தரும் என்பதைச் சுங்கத் துறைக்குத் தனிக் கடிதமாக எழுதலாம். சாவடிக்குப் போதைப்பொருள் பயிற்சி பெற்ற இரண்டு லாப்ரடார் நாய்களும், மாற்றல் ஆகாத கையாளுநர்களும், காற்றை வடிகட்டியில் சேர்க்கும் பம்புகளும் வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு நாய்களைக் கேட்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் ஆசையாகக் கேட்டார். அவை கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய்கள், இந்த வேலைக்கு லாப்ரடாரே வழக்கமான தேர்வு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. துடைப்புக் கருவி ஒன்று, சாவடியில் அல்லாமல் நகரக் காவல் நிலையத்தின் மூடிய அறையில், நாய் உட்கார்ந்த பெட்டியை இரண்டாம் முறை பார்ப்பதற்காக மட்டும்.

நான் போய்ப் பார்த்த ஓய்வுபெற்ற கையாளுநர் ஒரு நிபந்தனை வைத்தார். இங்கே வரும் நாய் முதல் இரண்டு வாரம் சாவடிக்கே போகக் கூடாது. பூண்டு மூட்டைகளுக்கும் தைலக் கடைகளுக்கும் நடுவில்தான் பழக வேண்டும் என்றார். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உள்ள விவசாயிகள் சிலரிடம் கேட்டேன். அறுவடை முடிந்து கொட்டகையில் பூண்டு தொங்கும் நாட்களில் எப்போது வேண்டுமானாலும் நாயை அழைத்து வரலாம், கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.